விற்பனை ஒரு வருஷம்கூட குறையல, ஷேர் மட்டும் 310-லிருந்து 40: டாக்யூசைன் கம்பெனியின் கதை



கடைசியா வேலை மாறினப்போ உங்களுக்கு ஆஃபர் லெட்டர் எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? நிறைய பேருக்கு ஒரு மெயில் வந்திருக்கும். அதுல ஒரு மஞ்சள் பட்டன். அதை அமுக்கினா ஆஃபர் லெட்டர் திறக்கும், எங்கே கையெழுத்துப் போடணுமோ அங்கே ஒரு சின்ன மஞ்சள் ஒட்டு நிக்கும், அதைத் தட்டினா உங்க பேரு அழகா சாய்ந்த எழுத்துல வந்து உட்காரும். பிரிண்ட் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், கூரியர் வேண்டாம். இரண்டு நிமிஷ வேலை.

அந்த மெயிலை அனுப்புற கம்பெனிகள்ல பெரியது டாக்யூசைன். இன்னைக்கு அந்தக் கம்பெனியோட கதையைத்தான் பார்க்கப் போறோம். "நான் சம்பளக்காரன், எனக்கு எதுக்கு அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனி கதை?" என்று கேட்பீங்க. காரணம் இருக்கு. இந்தக் கம்பெனி ஷேர் மார்க்கெட்டுக்கு வந்த 2018-லிருந்து ஒரு வருஷம்கூட இதன் விற்பனை குறைஞ்சதில்லை. ஆனா 2021 செப்டம்பரில் 310 டாலரைத் தொட்ட இதன் ஷேர், 2022 முடியுறதுக்குள் 40-களுக்கு வந்துடுச்சு. நூறு ரூபாய் போட்டவங்களுக்கு பதிமூணு, பதினாலு ரூபாய்தான் மிச்சம். மோசடி இல்லை, கள்ளக்கணக்கு இல்லை, பொருளும் கெட்டுப்போகல. அப்புறம் எப்படி?

இதுக்குப் பதில் அந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்துலயே இருந்தது. உங்கள்ல பல பேருக்கு சம்பளத்தோட ஆர்எஸ்யூ வருது. அதனால இது உங்க பணத்தோட கதையும்கூட.

ஒரு சட்டம், ஒரு நாய்க்குட்டியின் பேர்

2000-ஆம் வருஷம் ஜூன் 30. அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், மின்னணு கையெழுத்துக்கும் பேனா கையெழுத்துக்கும் சமமான சட்ட மதிப்பு உண்டு என்கிற சட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கிறார். பேனாவில் போட்டதோட நிறுத்தாம, ஒரு ஸ்மார்ட் கார்டைச் செருகி பாஸ்வேர்டு அடிச்சும் கையெழுத்து போட்டுக் காட்டினார். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? "பட்டி". அவர் வளர்த்த நாயோட பேரு. நாட்டின் அதிபரே இப்படி பாஸ்வேர்டு வெச்சா நம்மளை என்ன சொல்றது!

சட்டம் வந்துடுச்சு, ஆனா ஜனங்க பேப்பரை விடல. டாட் காம் குமிழ் வெடிச்ச நேரம் வேற. அந்தச் சமயத்தில் சியாட்டிலில் டாம் கான்சர் என்பவர் நெட்அப்டேட் என்று ஒரு கம்பெனி நடத்திக்கிட்டு இருந்தார். அது வாங்கிப்போட்ட சின்னச் சின்ன கம்பெனிகள்ல ஒண்ணு டாக்யூடச், மின்னணு கையெழுத்து செய்யுற கம்பெனி. அதோட சில சொத்துகளை மட்டும் தனியா வாங்கிக்கிட்டு வெளியே வந்த கான்சர், கோர்ட் லோரென்சினி, எரிக் ரான்ஃப்ட் ஆகியோரோட சேர்ந்து 2003-ல் டாக்யூசைனைத் தொடங்கினார்.

முதல் நல்ல வாடிக்கையாளர்கள் யாருன்னு பார்த்தா ரியல் எஸ்டேட் ஏஜென்ட்கள். வீடு வாங்குறவர் ஒரு ஊர்ல, விற்கிறவர் இன்னொரு ஊர்ல, நடுவுல இருபது படிவம். 2005-ல் ஜிப்ஃபார்ம் என்கிற ரியல் எஸ்டேட் படிவ சாஃப்ட்வேருக்குள்ளேயே டாக்யூசைனை இணைச்சாங்க. ஏஜென்ட் ஏற்கனவே உபயோகிக்கிற இடத்துல போய் உட்கார்ந்ததுதான் சாமர்த்தியம். ஒரு ஏஜென்ட் அனுப்பினா நாலு பேர் கையெழுத்து போடணும், அந்த நாலு பேரும் வேற எங்கேயோ வேலை பார்க்கிறவங்க. "அட, இது நல்லா இருக்கே" என்று அவங்க ஆஃபீஸ்ல போய்ச் சொல்லுவாங்க. விளம்பரமே இல்லாம விளம்பரம்.

ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல வருமான வரி, ஜிஎஸ்டி, கம்பெனி பதிவுக்கெல்லாம் ஒரு யூஎஸ்பி டோக்கன்ல டிஎஸ்சி போடுவோம். சிஏ ஆஃபீஸ்ல வேலை பார்த்தவங்களுக்கு அந்த டோக்கன் படுத்துற பாடு தெரியும். அது சான்றிதழ் வாங்கிப் போடுற டிஜிட்டல் கையெழுத்து. டாக்யூசைனில் நீங்க ஆஃபர் லெட்டருக்குப் போடுறது பெரும்பாலும் அது இல்லை. எந்த மெயிலுக்குப் போச்சு, எத்தனை மணிக்குத் திறந்தாங்க, எந்த ஐபி முகவரியிலிருந்து போட்டாங்க என்கிற பதிவுதான் அதுக்கு ஆதாரம். அந்தப் பதிவுக்கும் சேர்த்துத்தான் கம்பெனிகள் காசு கொடுக்குது.

காசு எப்படி வாங்குறாங்க? ஒரு முறை கையெழுத்துக்கு அனுப்புற கட்டுக்கு "என்வலப்", அதாவது உறை, என்று பேர். உள்ளே ஒரு பக்கம் இருந்தாலும் நூறு பக்கம் இருந்தாலும் ஒரு உறை. வருஷத்துக்கு இத்தனை உறை என்று முன்கூட்டியே சந்தா கட்டணும். இந்த "முன்கூட்டியே" என்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தது

நடுவுல உள்ள வருஷங்களை வேகமா தாண்டிடறேன். முதலீட்டாளர்கள் பணம் போட்டாங்க, அரிபா என்கிற கம்பெனியைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தரான கீத் க்ராச் 2011-ல் சிஇஓ ஆனார், தலைமையகம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போச்சு. 2017-ல் டான் ஸ்ப்ரிங்கர் சிஇஓவா வந்தார். அடோபி 2011-லேயே எக்கோசைன் என்கிற போட்டிக் கம்பெனியை வாங்கிட்டாங்க. பின்னாடி நம்ம சோஹோவும் சோஹோ சைன் என்று ஒண்ணு கொண்டுவந்தாங்க.

2018 ஏப்ரல் 27. நாஸ்டாக்கில் ஐபிஓ. ஒரு ஷேர் 29 டாலர். முதல் நாளே கிட்டத்தட்ட 37% ஏறி முடிஞ்சது. கம்பெனிக்கு வந்த பெருமாள் தரிசனம் போல 60 கோடி டாலருக்கு மேல் திரட்டல். அந்தப் பணம் வந்த கையோட, அதே வருஷம் ஸ்ப்ரிங்சிஎம் என்கிற சிகாகோ கம்பெனியை 22 கோடி டாலருக்கு வாங்கினாங்க.

இது ஏன்னு பாருங்க. கையெழுத்து என்பது ஒரு ஒப்பந்தத்தோட கடைசி நிமிஷம். அதுக்கு முன்னாடி அந்த ஆவணத்தைத் தயார் பண்ணணும்: பேரு, தேதி, சம்பளம், ஷரத்து எல்லாத்தையும் ஒரு டெம்ப்ளேட்டுக்குள் தானா நிரப்பணும், நாலு பேர் திருத்தணும், மேலாளர் ஒப்புதல் தரணும். பின்னாடி அதைச் சேமிச்சு, எப்போ புதுப்பிக்கணும்னு பார்க்கணும். இந்த முழு வேலையையும் தானியங்கியா ஆக்குறதுதான் ஸ்ப்ரிங்சிஎம் செய்தது. 2020-ல் சீல் சாஃப்ட்வேர் என்கிற கம்பெனியையும் 18.8 கோடி டாலருக்கு வாங்கினாங்க. பழைய ஒப்பந்தக் குவியலைப் படிச்சு "இந்த ஷரத்து எந்தெந்த ஒப்பந்தத்துல இருக்கு" என்று கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் அது. கையெழுத்துக் கம்பெனியா இருந்தா என்னைக்காவது யாராவது மலிவா செஞ்சு கொடுத்துடுவாங்க என்கிற பயம் அவங்களுக்கு அப்பவே இருந்திருக்கு என்பது என் கணிப்பு.

ஐபிஓ வந்த அந்த நிதி ஆண்டில் ஒரு வேடிக்கை. (இவங்க நிதி ஆண்டு ஜனவரி 31-ல் முடியும்.) விற்பனை 70 கோடி டாலர், நஷ்டம் 42.6 கோடி டாலர். பார்த்தா பதறும். ஆனா அதே வருஷம் ஊழியர்களுக்குக் கொடுத்த ஷேர்களுக்கான செலவு மட்டும் 40 கோடி டாலருக்கு மேல். "கம்பெனி ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தாத்தான் உனக்கு இந்த ஷேர்" என்று நிபந்தனை போட்டு வெச்சிருந்தது எல்லாம், ஐபிஓ நடந்ததும் ஒரே நேரத்துல செலவாகக் கணக்குல ஏறிடுச்சு. பணம் வெளியே போகல. ஆனா ஷேர்களின் எண்ணிக்கை கூடிடுச்சு, பழைய ஷேர்ஹோல்டரோட பங்கு குறைஞ்சுடுச்சு. பணமா போகலைன்னாலும் அது செலவுதான். இது பின்னாடி இன்னொரு தடவை வரும்.

கொரோனா வந்தது, வளர்ச்சி கடனா வந்தது

2020 மார்ச்சுக்கு அப்புறம் நடந்ததை நான் சொல்லவே வேண்டாம். ஆஃபீஸ் பூட்டியாச்சு. கையெழுத்து போட மேனேஜர் மேஜைக்குப் போக முடியாது. வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருந்த கம்பெனி எல்லாம் இரண்டு வாரத்துல வாங்கிடுச்சு.

2020 ஜனவரி முடிவில் காசு கட்டுற வாடிக்கையாளர்கள் 5.89 லட்சம். ஒரே வருஷத்துல 8.92 லட்சம். அடுத்த வருஷம் 11.7 லட்சம். விற்பனை 97 கோடி டாலரிலிருந்து 145 கோடி, அப்புறம் 210 கோடி. ஷேர் விலை 2020 தொடக்கத்துல 75 டாலரை ஒட்டி இருந்தது, வருஷ முடிவில் 220-ஐத் தாண்டியிருந்தது.

அந்தக் காலத்து மனநிலையைக் காட்டுற ஒரு விஷயம் சொல்றேன். 2021 ஜனவரியில் டாக்யூசைன் 69 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டாங்க. வட்டி எவ்வளவு? பூஜ்யம். ஆமா, 0%. மூணு வருஷம் கழிச்சு அசலைத் திருப்பித் தருவோம், இல்லைன்னா ஒரு ஷேருக்கு சுமார் 420 டாலர் என்கிற கணக்குல ஷேரா மாத்திக்கலாம். ஷேர் 420-ஐத் தாண்டும் என்கிற நம்பிக்கையில், வட்டியே இல்லாம கடன் கொடுக்க பெரிய பெரிய முதலீட்டாளர்கள் வரிசையில் நின்னாங்க. 2024 ஜனவரியில் கெடு வந்தப்போ ஷேர் 60 டாலர் பக்கம். அசல் மட்டும் கைக்கு வந்துச்சு. நம்ம போஸ்ட் ஆஃபீஸ் ஆர்டி எவ்வளவோ மேல்!

நானும் அப்போ இந்த ஷேரை வாங்கல. அறிவாளித்தனம் ஒண்ணும் இல்லை. அமெரிக்க ஷேர் வாங்க அக்கவுண்ட் திறக்குற ஃபாரத்தைப் பாதியிலேயே விட்டுட்டேன்.

2021 செப்டம்பர் தொடக்கம். ஷேர் 310 டாலர். கம்பெனியின் மொத்த மதிப்பு சுமார் 6,000 கோடி டாலர். வருஷ விற்பனையோ 200 கோடி டாலர்தான். அதாவது லாபத்தைப் போல இல்லை, விற்பனையைப் போல முப்பது மடங்கு. வருஷம் பத்து லட்சத்துக்கு விற்பனை நடக்குற, இன்னும் லாபமே பார்க்காத ஒரு கடையை மூணு கோடி கொடுத்து வாங்குற மாதிரி. கடை அடுத்த அஞ்சு வருஷமும் இதே வேகத்துல வளர்ந்தாத்தான் அந்த விலைக்கு நியாயம்.

அந்த டிசம்பர் ராத்திரி

2021 டிசம்பர் 2, மார்க்கெட் முடிஞ்சதும் காலாண்டு முடிவு வருது. விற்பனை 42% வளர்ச்சி. கேட்க அமோகமா இருக்குல்ல? அடுத்த நாள் ஷேர் ஒரே நாளில் 42% விழுந்தது. 233-லிருந்து 135. இரண்டு நம்பரும் ஒண்ணா இருக்குறது தற்செயல்தான், ஆனா மறக்காது.

ஏன் விழுந்தது? இப்போதான் அந்த "முன்கூட்டியே" வார்த்தைக்கு வரணும்.

ஒரு ஜிம் வெச்சிருக்கீங்கன்னு வைங்க. ஒருத்தர் வருஷ சந்தா 12,000 ரூபாயை முன்னாடியே கட்டிடறார். உங்க கையில 12,000 வந்தாச்சு. ஆனா கணக்குப்படி இந்த மாசம் உங்க வருமானம் 1,000 மட்டும்தான். மீதி 11,000 உங்க கடன், ஏன்னா அந்த சேவையை நீங்க இன்னும் கொடுக்கல. மாசாமாசம் 1,000 என்று அது கடன் பக்கத்திலிருந்து வருமானப் பக்கத்துக்கு நகரும்.

இப்போ திடீர்னு புது ஆள் யாரும் சேரலைன்னு வைங்க. வருமானம் உடனே குறையுமா? குறையாது. ஏற்கனவே கட்டினவங்களோட சந்தா இன்னும் பதினொரு மாசத்துக்கு வருமானமா வந்துக்கிட்டே இருக்கும். வருமானத்தை மட்டும் பார்க்குறவருக்கு ஜிம் ஜோரா ஓடுற மாதிரி தெரியும். இந்த மாசம் எத்தனை பில் போட்டீங்க என்று பார்த்தாத்தான் உண்மை தெரியும். அந்த நம்பருக்குத்தான் "பில்லிங்ஸ்" என்று பேர். வருமானம், கூடவே முன்பணக் கடன் எவ்வளவு கூடிச்சோ அது. அவ்வளவுதான் சூத்திரம்.

டாக்யூசைனில் முந்தின காலாண்டு வருமானம் 50%, பில்லிங்ஸ் 47% வளர்ந்திருந்தது. இந்தக் காலாண்டில் வருமானம் 42%, பில்லிங்ஸ் 28%. மூணு மாசத்துல 47 வந்து 28 ஆயிடுச்சு. அடுத்த காலாண்டு கணிப்பும் எதிர்பார்த்ததைவிடக் கம்மி. சிஇஓ சொன்ன விளக்கத்தோட சாரம் இதுதான்: ஆறு காலாண்டு வேகமா ஓடினோம், வாடிக்கையாளர்கள் இப்போ பழைய வேகத்துக்குத் திரும்பிட்டாங்க.

வேறு மாதிரி சொல்றேன். 2022-லும் 2023-லும் வரவேண்டிய வாடிக்கையாளர்கள் 2020-லேயே வந்துட்டாங்க. அது புது வளர்ச்சி இல்லை, எதிர்காலத்துக்கிட்ட வாங்கின கடன். விலை போட்டவங்க மட்டும் அது வருஷாவருஷம் வரும்னு நினைச்சுப் போட்டுட்டாங்க.

விழுந்த சில நாளிலேயே சிஇஓ ஸ்ப்ரிங்கர் தன் சொந்தக் காசுல கிட்டத்தட்ட 50 லட்சம் டாலருக்கு ஷேர் வாங்கினார், ஒரு ஷேர் 145 டாலர் பக்கம். "உள்ளே இருக்குற ஆளே வாங்குறார், நாம வாங்கக்கூடாதா?" என்று அப்போ நிறைய பேர் சேர்ந்து வாங்கினாங்க. அடுத்த ஜூனில் அவர் பதவியை விட்டு இறங்கினப்போ ஷேர் அந்த விலையில் பாதிகூட இல்லை. அவர் ஏமாத்தினார்னு நான் சொல்லல, அவரும் உண்மையா நம்பியிருப்பார். உள்ளே இருக்குறவருக்கு வியாபாரம் தெரியும். ஷேருக்கு என்ன விலை நியாயம் என்பது அவருக்கும் நமக்கும் ஒரே அளவு இருட்டு.

2022 அக்டோபரில் கூகுளிலிருந்து ஆலன் டைகசன் சிஇஓவா வந்தார். அவர் வர்றதுக்கு முந்தின மாசம் 9% ஊழியர்களை அனுப்பியிருந்தாங்க. 2023 பிப்ரவரியில் இன்னொரு 10%. 2024 பிப்ரவரியில் 6%. விற்பனை அப்பவும் ஏறிக்கிட்டுதான் இருந்தது: 251 கோடி, 276 கோடி, 297 கோடி டாலர். ஆனா வளர்ச்சி வேகம் 45%-லிருந்து 19, 10, 8 என்று இறங்கிடுச்சு. போன வருஷம் 100 டாலர் கட்டின பழைய வாடிக்கையாளர் இந்த வருஷம் எவ்வளவு கட்டுறார் என்று ஒரு அளவு உண்டு. 2021-ல் அது 120-க்கு மேல். 2024 தொடக்கத்தில் 98. அதாவது பழைய ஆளுங்க கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிறாங்க. நிறைய உறை வாங்கி வெச்சவங்க "இவ்வளவு வேண்டாம்பா" என்று சொல்ல ஆரம்பிச்சா இப்படித்தான் தெரியும்.

இதே நேரத்துல ஒரு ஊழியரோட பே-ஸ்லிப்

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். இது நான் போட்ட உதாரணக் கணக்கு, யாரோட கதையும் இல்லை. ஆனா இதே மாதிரி கணக்கோட, வேற வேற கம்பெனி பேரோட, ஜூலை மாசம் என் முன்னாடி உட்கார்ந்தவங்க உண்டு.

2021 செப்டம்பர். இந்தியாவில் வேலை பார்க்குற ஒருத்தருக்கு இப்படிப்பட்ட கம்பெனியின் 100 ஆர்எஸ்யூ கைக்கு வருது. அன்னைக்கு விலை 300 டாலர், டாலர் 73 ரூபாய். மொத்தம் 21.9 லட்சம். இது முழுக்க அவரோட சம்பள வருமானம், பெர்க்விசிட். அவர் ஒரு ஷேரைக்கூட விற்கலைன்னாலும் அன்னைக்கே வரி. 30% அடுக்கு, செஸ் சேர்த்து 31.2%, அதாவது சுமார் 6.83 லட்சம். (வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினா சர்சார்ஜ் தனி.) வழக்கமா கம்பெனி வரிக்காக 32 ஷேரை வித்துட்டு மீதி 68 ஷேரை அவர் கணக்குல போடும். அன்னைக்கு அந்த 68-ன் மதிப்பு 14.9 லட்சம்.

அவர் வித்துடலாம். விற்கல. "நம்ம கம்பெனி, நல்லா போகுது, விற்பனை 50% ஏறுது, இப்போ ஏன் விற்கணும்?"

டிசம்பரில் 135 டாலர். 68 ஷேர் சுமார் 6.9 லட்சம். "இப்போ வித்தா நஷ்டம், 300 வரட்டும்." 2022 கடைசியில் 40 டாலர், டாலர் 82 ரூபாய். 68 ஷேர் சுமார் 2.2 லட்சம்.

கட்டின வரி 6.83 லட்சம். கையில இருக்குறது 2.2 லட்சம். வரித்துறை "ஐயோ பாவம்" என்று திருப்பித் தராது. ஏன்னா சட்டத்தின் கண்ணில் இது இரண்டு தனித்தனி நிகழ்ச்சி. ஷேர் கைக்கு வந்த அன்னைக்கு சம்பளம் வந்தாச்சு, அது முடிஞ்ச கதை. அதுக்கப்புறம் வெச்சிருந்தது முதலீடு. அந்த 12.7 லட்சம் மூலதன நஷ்டம். சம்பளத்தோட கழிக்க முடியாது. மூலதன லாபத்தோட மட்டும்தான் கழிக்கலாம். வெளிநாட்டு ஷேரை 24 மாசத்துக்குள் வித்திருந்தா குறுகிய கால நஷ்டம், அதைக் குறுகிய, நீண்ட இரண்டு வகை லாபத்தோடயும் கழிக்கலாம். 24 மாசம் தாண்டினா நீண்ட கால நஷ்டம், நீண்ட கால லாபத்தோட மட்டும். எட்டு வருஷம் வரை தூக்கிட்டுப் போகலாம், ஆனா அந்த வருஷ ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்கணும். ஒரு நாள் தாமதமானாலும் அந்த உரிமை போச்சு.

அதே ஆளுக்குக் கம்பெனி ஷேருக்குப் பதிலா 14.9 லட்சத்தை போனஸா அக்கவுண்டில் போட்டிருந்தா, அவ்வளவையும் எடுத்து அதே கம்பெனி ஷேரை 300 டாலருக்கு வாங்கியிருப்பாரா? நிச்சயமா மாட்டார். கொஞ்சம் வீட்டுக் கடன், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட் என்று பிரிச்சிருப்பார். விற்காம வெச்சிருந்ததும் வாங்கினதும் ஒண்ணுதான், வாங்குற பட்டனை அவர் அமுக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். போதாக்குறைக்கு சம்பளமும் அதே கம்பெனி. ஷேர் விழுற வருஷம்தான் ஆட்குறைப்பும் வருது, மேலே தேதிகளைப் பார்த்தீங்கல்ல.

நூறு கோடி லாபமா?

இப்போ கம்பெனி எப்படி இருக்கு? 2024 ஜனவரியில் முடிஞ்ச வருஷத்தில் முதல் தடவையா முழு வருஷ லாபம்: 7.4 கோடி டாலர். அதே வருஷம் கையில் மிஞ்சின ரொக்கமோ 88 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு இடைவெளி எப்படி? பெரும்பகுதி ஊழியர்களுக்கு ஷேரா கொடுத்த சம்பளம், அது மட்டும் சுமார் 60 கோடி. ரொக்கக் கணக்கை மட்டும் காட்டி "பாருங்க எவ்வளவு சம்பாதிக்கிறாங்க" என்று யாராவது சொன்னா, ஊழியர் சம்பளத்தில் ஒரு பகுதியை ஷேர்ஹோல்டர் தன் பங்கைக் குறைச்சுக்கிட்டு கட்டுறார் என்று நீங்க திருப்பிச் சொல்லலாம்.

2025 ஜனவரியில் முடிஞ்ச வருஷத்தில் லாபம் 107 கோடி டாலர். ஒரே வருஷத்துல பதினாலு மடங்கு! செய்தித் தலைப்புல பார்த்தா ஷேர் வாங்கத் தோணும். உள்ளே போய்ப் பார்த்தா, அதில் 80 கோடிக்கு மேல் ஒரு வரிக் கணக்குப் பதிவு. பழைய வருஷ நஷ்டங்களை வருங்கால லாபத்தோட கழிச்சா வரி மிச்சமாகும். ஆனா லாபம் வருமான்னே நிச்சயம் இல்லாதப்போ அந்தச் சலுகையை சொத்தா காட்டக்கூடாது, ஒதுக்கி வைக்கணும். "இனி லாபம் நிச்சயம்" என்று கம்பெனியும் ஆடிட்டரும் நம்பினதும் அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டாங்க. அது ஒரே வருஷம் லாபமா ஏறிடுச்சு. தப்பான கணக்கு இல்லை, விதிப்படி சரி. ஆனா அடுத்த வருஷம் அது வராது.

வியாபாரத்துல இப்போ அவங்க போட்டிருக்குற பந்தயம் மறுபடியும் அந்த முழு ஒப்பந்த வேலைதான். 2024-ல் ஒப்பந்தம் தயாரிக்கிறது, படிக்கிறது, கையெழுத்து, சேமிப்பு, நினைவூட்டல் எல்லாத்தையும் ஏஐ வெச்சு ஒரே இடத்தில் கொண்டுவர்ற புது தளத்தை அறிவிச்சாங்க. லெக்சியன் என்கிற சியாட்டில் கம்பெனியை 16.5 கோடி டாலருக்கு வாங்கினதும் அதுக்குத்தான். ஜெயிப்பாங்களா? கையெழுத்து மாதிரி இது இரண்டு நிமிஷத்துல விற்கிற பொருள் இல்லை, வாடிக்கையாளர் ஆஃபீஸ்ல சட்டத் துறையும் கொள்முதல் துறையும் சேர்ந்து மாறணும். எனக்கு அவசரமா நம்பத் தோணல.

2024 கடைசியில் ஷேர் 90 டாலர். ஐபிஓவில் 29-க்கு வாங்கி எதையும் பார்க்காம விட்டவருக்கு ஆறரை வருஷத்துல மூணு மடங்கு. 310-ல் வாங்கினவருக்கு எழுபது சதவீதம் போச்சு. இரண்டு பேரும் வாங்கினது ஒரே கம்பெனியைத்தான்.

ஆர்எஸ்யூ வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் மட்டும். ஷேரை வித்தாலும் விற்கலைன்னாலும், நஷ்டத்துல இருந்தாலும்கூட, ரிட்டர்னில் வெளிநாட்டு சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏவை நிரப்பணும். அது நம்ம நிதி ஆண்டுப்படி இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு. இதுல வருஷத்தின் உச்ச மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும், அங்கேதான் பாதிப் பேர் தப்பு பண்றாங்க. அடுத்த வீடியோவில் ஒரு புரோக்கர் ஸ்டேட்மென்ட்டை வெச்சு அதைக் கட்டம் கட்டமா நிரப்பிக் காட்டறேன். உங்க ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு பண்ணி பக்கத்துல வெச்சுக்கோங்க.